‘நம்ம ஊர் ரயில் மாடல்’ செய்து தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் ஊர் கம்பிச் சடக்கை, அதாவது ரயில் பாதையை, அப்படியே மாடலாகச் செய்து வீட்டில் இறக்கித் தருகிறேன் என்று முகநூலில் விளம்பரம் போடும் ஒருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்த கதை இது. விவகாரம் தீர்ப்பாயத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. என்ன பேசினார், என்ன கொடுத்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். அவர் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் எங்களைப் போன்ற தோட்டத்துப் பட்டண ஆட்களைத்தான். அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் வேலை பார்த்திருப்பார். அந்தப் பாசத்தைத் தொட்டுப் பேசினால் பணம் வந்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். கேட்டது எங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் வரைக்குமான பாதை, இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் வருவதற்கு முன் இருந்த மாதிரி. ஒற்றைத் தண்டவாளம், கைகாட்டி, ஓரமாக வரிசை பிடித்து நிற்கும் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்), அப்புறம் பேராக் ஆற்றின் மேல் காராய் விக்டோரியா பாலம். 1897இல் தொடங்கி 1900இல் கட்டி முடித்த பாலம், 351 மீட்டர் நீளம். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் பாலம் மட்டுமே 4 மீட்டர் வரும், என் ஹால் தாங்காது. அதனால் மூன்று கண் மட்டும் போதும் என்று பேசிக்கொண்டோம். இந்த மாதிரிச் சுருக்கம் மாடல் வேலையில் எல்லாரும் செய்வதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடுவதற்கு 1970களில் வந்த 22ஆம் வகுப்பு டீசல் இன்ஜின் ஒன்று. மொத்தம் 12 அடி நீளம், மூன்று பலகைகள், 4,800 வெள்ளி (ரிங்கிட்). பாதி முன்பணம், மீதி லோரியில் ஏற்றும் முன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டு ரயில் ஓடுவது மீட்டர் பாதையில். இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி சரியாக 1,000 மில்லிமீட்டர். இன்றைக்கு வேகமாகப் பறக்கும் இடிஎஸ் மின்சார ரயிலும் அதே அகலத்தில்தான் ஓடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகள் 1,435 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்கு மாடலுக்கு எச்.ஓ அளவு என்று பெயர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எச்.ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். 87ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த 1,435 வந்துவிடும். மீட்டர் பாதையை அதே 87 அளவில் செய்ய 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அதற்குத் தனிப்பெயர் எச்.ஓ.எம். பீக்கோ, டில்லிக், பெமோ என்ற மாடல் ரயில் நிறுவனங்கள் மூன்றுமே அதைச் செய்கின்றன. விலை கூடுதல், வரவழைக்க நாளாகும்.

இவர் 12 மில்லிமீட்டர் என்றுதான் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுத்திலேயே கொடுத்தார். வேலை நடக்கும்போது படம் வரும், எல்லாம் மேலிருந்தும் தூரத்திலிருந்தும் எடுத்தது. “தம்பி, தண்டவாளத்தின் மேல் ஒரு ரூலர் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று கேட்டேன். “அண்ணே, அளவெல்லாம் கச்சிதம், நம்பிக்கை இருக்கட்டும்” என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டால் ஒரு குட்டி வீடியோ வரும், பாலத்தின் மேல் ரயில் போகிற மாதிரி. அந்த வீடியோவும் வேறு யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டில் எடுத்தது என்று பின்னால்தான் தெரிந்தது. மீதிப் பணம் கட்டாவிட்டால் பலகை நகராது, கிடங்கு வாடகை உங்கள் தலையில் என்றார்.

வந்து இறங்கியதும் ரூலரை வைத்தேன். 16.5.

சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பாதை அகலம் மாறினால் பாலம், மேடை, சுரங்க வாய் எல்லாமே வேறு ஊராகிவிடும். ஒல்லியான தண்டவாளத்தின் மேல் பெட்டி இரு பக்கமும் பிதுங்கி நிற்பதுதான் மீட்டர் பாதையின் முகமே. காசு கம்மியாக வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. ‘என்’ (N) என்ற இன்னும் சின்ன மாடல் அளவுக்கு விற்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் எல்லாவற்றையும் 120இல் ஒரு பங்காகச் செய்தால் 1,080 வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நியூசிலாந்தில் அவர்களுடைய மூன்றரை அடிப் பாதையை அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். “அண்ணே, இந்த விலைக்கு அப்படித்தான் முடியும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

இன்ஜின் கதை இன்னும் மோசம். நம் 22ஆம் வகுப்புக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, உடம்பு முழு அகலம். இவர் தந்தது நீள மூக்கும் ஓரத்தில் நடைபாதையும் உள்ள அமெரிக்க டீசல். அதற்கு நம் ரயில்வே வண்ணம் பூசி, எண் ஒட்டி வைத்திருந்தார். ஒலியோடு டிஜிட்டல் கட்டுப்பாடு என்று தனியாக 650 வெள்ளி போட்டிருந்தார். கூட்டைக் கழற்றினால், டிஜிட்டல் கட்டளையை வாங்கி இன்ஜினை இயக்கும் டீகோடர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்பான் செருகியிருக்கிறது. ஸ்பீக்கரும் இல்லை. வாங்கியதும் கூட்டைத் திறந்து பாருங்கள், நாலு திருகாணி வேலைதான்.

விக்டோரியா பாலம் செங்கல் தூண் மேல் நிற்கும் இரும்புச் சட்டப் பாலம். எனக்கு வந்தது பிளாஸ்டிக் கல் வளைவுப் பாலம், ஜெர்மன் மலைப்பக்கத்துச் சரக்கு. பால்மரத்துக்குப் பதிலாக ஊசியிலை மரங்கள். சுங்கை சிப்புட்டில் கிறிஸ்துமஸ் மரக்காடு! பேரப்பிள்ளைகள் மட்டும்தான் ரசித்தார்கள்.

ஓடவாவது ஓடியதா என்றால் அதுவும் இல்லை. பாலத்துக்கு ஏறும் சரிவு ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெட்டிகளை நிம்மதியாக இழுக்கும். இதில் மூன்று பெட்டி மாட்டினாலே சக்கரம் வழுக்குகிறது. 12 அடிக்கும் மின்சாரம் கொடுப்பது ஒரே ஒரு ஜோடி வயர், அதுவும் ஒரு முனையில். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் விழுந்து, கடைசிப் பலகையில் இன்ஜின் தவழ்கிறது. மூன்றடிக்கு ஒரு ஜோடியாவது கீழிருந்து பற்றவைத்திருக்க வேண்டும். பலகை மரத்தூள் அழுத்திச் செய்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது ஊதும் என்பது தளவாடக் கடைப் பையனுக்கே தெரியும். மழைக்காலம் வந்ததும் விளிம்பு உப்பி, இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்டவாளம் ஏறி இறங்கி நிற்கிறது. நல்ல பிளைவுட், அடியில் சட்டம், எல்லாப் பக்கமும் பெயின்ட் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சொல்லிச் செய்த பொருளுக்குத் திருப்பித் தர முடியாது அண்ணே” என்றார். சொன்னதைச் செய்திருந்தால்தானே அந்தப் பேச்சு! அப்புறம் எண்ணை முடக்கிவிட்டார். பணம் போன வங்கிக் கணக்கும் கடைப் பெயரில் இல்லை, வேறு ஒரு தனி ஆளின் பெயர். அந்தக் கணக்கு எண்ணை போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், காசில்லை. ஆனால் அதில் புகார் எதுவும் காட்டவில்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். இவர் கணக்கும் சுத்தமாகத்தான் காட்டியது. கடை பதிவானதா என்பதை எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பாருங்கள். பதிவான பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. நாம் எழுதிக் கொடுத்ததைவிடப் புலனத்தில் அவர் கைப்பட எழுதிய அந்த ‘12 மில்லிமீட்டர்’தான் கனமான ஆதாரம். உரையாடலை அழிக்காமல் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பலகையையும் பிரிக்கவில்லை, விசாரணை முடியட்டும்.

தைப்பிங்கில் ஒருவரிடம் இவர் இப்போது போர்ட் வெல்ட் பாதை செய்து தருவதாகப் பேசியிருக்கிறார். 1885இல் திறந்த நாட்டின் முதல் ரயில் பாதை. ஆசைப்படாமல் யார் இருப்பார்கள்? எனக்கு அனுப்பிய அதே வீடியோவைத்தான் அவருக்கும் அனுப்பியிருக்கிறார். முன்பணம் போய்விட்டதாம், மீதி இன்னும் கட்டவில்லை. ரூலர் வைத்த படம் வரும்வரை ஒரு சென் கூட அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.