ஐந்து ட்யூபும் ஆறு வருடமும்

2019 ஆடி மாதம் என் பெட்டியில் இருபத்து நாலு வாட்டர் கலர் ட்யூப் இருந்தன. பத்தொன்பதை அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அல்ட்ராமரின் நீலம், லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அலிசரின் க்ரிம்சன் என்ற அடர் சிவப்பு. இந்த ஆறு வருடத்தில் அந்த ஐந்தில் ஒன்றை வெளியே எடுத்து அதன் இடத்தில் வேறொன்றை வைத்தேன், ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன். மற்றபடி அதே பெட்டி, அதே கலவைத் தட்டு.

குறைக்கக் காரணம் பச்சைதான். தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் நடுவில், ஞாயிறு காலைகளில் வயல் ஓரம் உட்கார்ந்து வரைவது என் வழக்கம். இருபத்து நாலு ட்யூப் இருந்தபோது கை தானாக சாப் கிரீன் என்ற ரெடிமேட் பச்சைக்குப் போகும். தென்னைக்கும் அதே பச்சை, வாழைக்கும் அதே பச்சை. இரண்டு வருடப் படங்களை ஒருநாள் தரையில் பரப்பிப் பார்த்தபோது, ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்ததுபோல் இருந்தது. அதைச் சரிசெய்ய வேறு வண்ணங்களைக் கலந்தால் கலங்கிச் சேறானது. ஏன் என்று ட்யூபைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிபி 29, பிஒய் 3 என்று குறியீடு இருக்கும். முதல் எழுத்தான பி, நிறமி (பிக்மென்ட்), அதாவது நிறம் தரும் பொருள், என்பதைச் சொல்கிறது, அடுத்தது எந்த வண்ணக் குடும்பம் என்பதை, எண் அதில் எந்த நிறமி என்பதை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், எண் மாறாது. என் சாப் கிரீனில் மூன்று எண்கள் இருந்தன. அதோடு இரண்டு எண் கொண்ட இன்னொரு ட்யூபைக் கலந்தால் தட்டில் ஐந்து நிறமி சேர்ந்துவிடும். ஒவ்வொரு நிறமியும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கும். ஐந்தும் ஆளுக்கொரு பக்கம் விழுங்கினால் காகிதத்திலிருந்து கண்ணுக்குத் திரும்பி வர என்ன மிஞ்சும்? புதிதாக வாங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எத்தனை ட்யூப் என்று பார்க்காதீர்கள், ட்யூபுக்குள் எத்தனை நிறமி என்று பாருங்கள். ஒரே எண் போட்ட ட்யூபாக வாங்குங்கள்.

ஐந்தில் எனக்கு அதிகம் உழைத்த ஜோடி அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். இரண்டையும் சரிபாதி கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பு. நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஐப்பசி மேகம். பழுப்பு தூக்கலானால் மழையில் நனைந்த கோபுரக் கல். தண்ணீர் அதிகம் சேர்த்தால் தூரத்து மூங்கில் புதரின் புகைச் சாம்பல். தனியாகக் கறுப்பு வாங்கும் தேவையே எனக்கு வரவில்லை. சொரசொரப்பான காகிதத்தில் இந்தக் கலவையைப் பூசிவிட்டு, காயும்போது குனிந்து பாருங்கள். நீலத் துகள் காகிதத்தின் பள்ளங்களில் போய் உட்காரும், பழுப்பு மேட்டில் தங்கும். ஒரே சாம்பலாகப் பூசியது இரண்டாகப் பிரிந்து மினுங்கும். எருமையின் முதுகை இந்தப் பிரிவைக் கொண்டே வரைந்துவிடலாம். ட்யூபில் வரும் ரெடிமேட் சாம்பலில் எனக்கு இது கிடைத்ததில்லை.

அல்ட்ராமரின் ஒரு காலத்தில் பொன் விலை விற்ற நீலம். ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் என்ற நீலக் கல்லை அரைத்து, கடல் தாண்டி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். 1828 வாக்கில் பிரான்சில் கிமேவும் ஜெர்மனியில் க்மெலினும் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். களிமண், சோடா, கந்தகம் இவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட வேண்டும், அவ்வளவுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலப் பொடி போடுவோமே, அதுவும் இந்த நிறமிதான். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், புளிப்பு பட்டால் வெளுத்துவிடும்.

இனி பச்சைக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் லெமன் மஞ்சளும் அல்ட்ராமரினும் என்னைப் படாதபாடு படுத்தின. இந்த நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்தது. அதனால் வரும் பச்சை எப்போதும் ஒரு படி மங்கல். மங்கலாக இருப்பது பல இடங்களில் நல்லது. பனைக்கும் புளியமரத்துக்கும் வேம்பின் அடி நிழலுக்கும் அது அப்படியே பொருந்தும். பனை ஓலைக்கு மஞ்சளுக்குப் பதில் ஓக்கரைப் போட்டால் அந்தச் சாம்பல் பூத்த பச்சை கிடைத்துவிடும். வாழை இலையில் வெயில் ஊடுருவி வரும்போது தட்டில் கலக்கவே கூடாது. முதலில் லெமன் மஞ்சளை மட்டும் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே மெல்லிய நீலத்தை ஓட்ட வேண்டும். அடியிலிருக்கும் மஞ்சள் விளக்கு வைத்ததுபோல் தெரியும்.

எனக்குப் பச்சையைக் கற்றுக்கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. இலை வண்ண அட்டை என்பார்கள். நெல்லுக்கு எப்போது யூரியா போடுவது என்று பார்க்க விவசாயிகள் வைத்திருப்பது. எனக்குக் கிடைத்ததில் மஞ்சள் கலந்த இளம்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சைவரை ஆறு பட்டை. வெள்ளைப் பொன்னி என்றால் மூன்றாம் பட்டைக்குக் கீழே, மற்ற பல ரகங்களுக்கு நான்காம் பட்டைக்குக் கீழே இலை வெளிறினால் மேலுரம் இட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அட்டையோடு ஒப்பிடும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இலையைத் தன் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் கண் ஏமாந்துவிடும். இதைக் கேட்ட நாளிலிருந்து நானும் தட்டை மடியின் நிழலில் வைத்துத்தான் கலக்கிறேன். அதற்கு முன் வெயிலில் கலந்த படங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்ததும் இருண்டு தெரிந்ததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது.

அந்த ஆறு பட்டைகளையும் என் ட்யூப்களால் கொண்டுவர முடியுமா என்று உட்கார்ந்தேன். ஒன்றாவது எளிது. பிரஷ் நிறைய லெமன் மஞ்சள், குண்டூசி முனை அளவு நீலம். எப்போதும் வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மஞ்சள் ட்யூபில் பாதி காலியாகிவிடும். இரண்டாவதும் வந்துவிட்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் நீலத்தைக் கூட்டி, துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் போதும். மூன்றும் நான்கும்தான் பிடிகொடுக்கவில்லை. அவை மங்காமலும் இருக்க வேண்டும், கண்ணைக் குத்தாமலும் இருக்க வேண்டும். ஒரு சம்பா பருவம் முழுக்க அந்த இரண்டு பட்டையோடு போராடினேன். ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்ததும் வெளிறிவிடும் என்பதால், ஒவ்வொரு முயற்சியையும் காயவைத்துத்தான் அட்டையோடு வைத்துப் பார்க்க முடியும்.

பெட்டியிலிருந்து வெளியே போனது அலிசரின் க்ரிம்சன். பாட்டியை அவர் அரக்குப் புடவையில் வரைந்து அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள். மூன்றாவது பொங்கலுக்குப் போனபோது முகம் அப்படியே இருந்தது, புடவை மட்டும் வெளுத்து, காய்ந்த வாழைச்சருகு நிறத்துக்கு வந்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்து வண்ணங்களையும் ஒரு காகிதத் துண்டில் பட்டை பட்டையாகப் பூசினேன். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் தையிலிருந்து ஆடிவரை ஒட்டி வைத்தேன். நீலமும் ஓக்கரும் சியன்னாவும் அசையவில்லை. மஞ்சள் ஒரு சாயல் இறங்கியது. அலிசரின் பாதிக்கு மேல் போய்விட்டது.

அதன் எண் பிஆர் 83. 1868இல் க்ரேபும் லீபர்மானும் ஆய்வகத்தில் உண்டாக்கிய சாயம். அதற்கு முன் ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுத்தார்கள். நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரிலும், அதாவது இம்பூறலிலும், இருப்பது இதே அலிசரின்தான். படிகாரம் பிடித்த துணியில் தலைமுறை தாண்டி நிற்கும் சிவப்பு, காகிதத்தில் மெல்லிய பூச்சாக நிற்க மாட்டேன் என்கிறது. மாற்றாகக் குவினக்ரிடோன் ரோஸ், பிவி 19 வாங்கினேன். அதே ஜன்னலில் அதே அளவு வெயிலில் அது நின்றது. அல்ட்ராமரினோடு சேரும்போது கிடைக்கும் ஊதாவும் முன்னதைவிடத் தெளிவு. பாட்டி படத்தை மறுபடி வரைந்து கொடுத்துவிட்டேன்.

குறைந்த வண்ணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் மனித நிறம். பள்ளியில் க்ரேயான் பெட்டியில் ஸ்கின் கலர் என்று வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும். என் வீட்டில் ஒருவருக்கும் அந்த நிறம் இல்லை. இப்போது பர்ன்ட் சியன்னாவில் தொடங்குகிறேன். கன்னத்துக்கும் காதுமடலுக்கும் ரோஸ், நெற்றியில் வெயில் படுமிடத்தில் ஓக்கர், தாடைக்கு அடியில் அல்ட்ராமரின். கறுத்த உடம்பில் நிழல் விழும் இடம் நீல ஊதாவாக இருக்கும், வெயில் படும் இடம் செம்பாக மின்னும். நாற்று நடும் பெண்களின் முழங்கைகளை வரைய இந்த நாலு ட்யூபுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நாலே நிறத்தில் முகங்களை வரைந்ததற்காகப் பேசப்படுபவர். அவர் தட்டில் கறுப்பே நீலத்தின் வேலையைச் செய்தது. அதையும் மூன்று மாதம் முயன்றேன். முகத்துக்கு அருமை, வயலுக்கு ஆகவில்லை.

ஐந்தால் முடியாதவையும் உண்டு. நாகப்பட்டினத்துப் படகுகளில் அடித்திருக்கும் அந்தப் பச்சை நீலம், மீன்கொத்தியின் முதுகு, மயில் கழுத்துப் பட்டு, இவை எதுவும் அல்ட்ராமரினில் வராது. எவ்வளவு கலந்தாலும் வராது. 2022இல் அதற்காக ஆறாவதாகத் தேலோ நீலம், பிபி 15:3 சேர்த்தேன். தினசரியின் அடியோரத்தில் நாலு வண்ணப் புள்ளி இருக்குமே, அதில் வரும் நீல மையின் நிறமியும் இதுதான். வலுவென்றால் அப்படியொரு வலு. கடுகு அளவு எடுத்தால் தட்டு முழுக்க நீலம். காகிதத்தில் பட்டால் கறையாகப் பிடித்துக்கொள்ளும், ஈரப் பிரஷால் துடைத்து எடுக்க முடியாது. லெமன் மஞ்சளோடு சேர்த்தால் பிளாஸ்டிக் குடப் பச்சை. பர்ன்ட் சியன்னா ஒரு துளி விட்டால்தான் அடங்கும். இதை முதல் ஐந்தில் வைக்காதது நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன். மற்றவற்றின் குணம் கைக்குப் பழகிய பிறகு வாங்குங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். ஓவியர் ரக ட்யூப் மாணவர் ரகத்தைவிடப் பல மடங்கு விலை. ஆனால் ஆறுதானே வாங்குகிறோம். எனக்கு அல்ட்ராமரின்தான் சீக்கிரம் தீர்கிறது, மற்றவை இரண்டு தீர்வதற்குள் அது நாலு. மழைக்காலத்தில் மூடிய தட்டில் பூஞ்சை பிடிக்கும். காயவைத்த பிறகே மூடுங்கள். தண்ணீருக்கு இரண்டு டப்பா வேண்டும், மஞ்சளை ஒருபோதும் அழுக்குத் தண்ணீரில் தொடாதீர்கள்.

போன கார்த்திகையில் அட்டையின் மூன்றாம், நான்காம் பட்டைப் பச்சைகளைப் பூசிய காகிதத்தோடு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வயலுக்குச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டியவர், வந்து எட்டிப் பார்த்தார். குனிந்து ஓர் இலையைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்து, வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்.

"தம்பி, மூணு சரியா இருக்கு. நாலுலதான் நீலம் ஓடுது. நெல்லுல இந்தப் பச்சை வராது."

"கொஞ்சம் இருங்கய்யா" என்றேன். தட்டில் மிச்சமிருந்த கலவையில் ஒரு துளி ஓக்கர் விட்டு, பக்கத்திலேயே புதிதாக ஒரு பட்டை பூசினேன். அது காயும்வரை இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் நின்றிருந்தார்.