எச்சரிக்கை: ஜெயித்த 15,510 ராண்டைத் தர மறுக்கும் பந்தயத் தளம்

தென்னாப்பிரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான டர்பன் ஜூலை நெருங்கிவிட்டது. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தெருமுனைக்குத் தெருமுனை பந்தய விளம்பரம் தொங்குகிறது. கைபேசியைத் திறந்தால் அங்கும் அதுதான். இந்த நேரத்தில் புதிதாகக் கணக்குத் திறந்து குதிரை மேல் பணம் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எனக்கு வர வேண்டிய 15,510 ராண்டை ஒரு பந்தயத் தளம் தர மறுத்துவிட்டது. தோற்ற பணத்தைப் பற்றி நான் அழவில்லை. இது ஜெயித்த பணம்.

தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கைபேசி வழியாகப் பந்தயம் ஏற்றுக்கொண்டு, ஊருக்குள் சின்னச் சின்ன முகவர் கடைகளையும் வைத்திருக்கும் வகை என்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் சில யோசனைகளும் சொல்கிறேன்.

குதிரைப் பந்தயமே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது வேறு பேச்சு. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து பந்தயம் உண்டு. செய்தித்தாளின் பந்தயப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கிளேர்வுட் பந்தயத் திடலுக்கு அழைத்துப் போவார். அந்தத் திடல் 2014-இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன. அப்பா தோற்றுவிட்டு வீடு திரும்பிய நாள்களே அதிகம். ஆனால் ஜெயித்த சீட்டைக் கவுண்டரில் நீட்டினால் நோட்டுகளை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். என்ன ஏது என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் எத்தனை முறை தோற்றாலும் மறுவாரம் போனார்.

மே மாதம் சாட்ஸ்வொர்த்தில் மசாலா வாங்கப் போயிருந்தபோது, பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த அந்த முகவர் கடைக்குள் நுழைந்தேன். சுவரில் முருகன் படம், அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் உரிமத்தின் நகல். ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். என் குடும்பப் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“தம்பி, உங்கள் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். கிளேர்வுட்டில் ஒன்றாக நின்று எத்தனை பந்தயம் பார்த்திருக்கிறோம்!”

அப்பா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெயரை ஒருவர் அப்படி வாய் நிறையச் சொன்னதும் என் மனம் இளகிவிட்டது. “ஜெயித்தால் பணம் ஒழுங்காக வருமா அண்ணே?” என்று கேட்டேன்.

“அன்றைக்கே வங்கிக்குப் போய்விடும். வரவில்லை என்றால் என்னை வந்து கேளுங்கள். நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?”

என் கைபேசியை வாங்கி அவரே செயலியை இறக்கினார். அடையாள எண்ணை அவரே தட்டினார். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து ஏற்றிவிட்டு, “ஆவண வேலை முடிந்தது தம்பி, இனி விளையாட வேண்டியதுதான்” என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ராண்ட் கட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் கணக்கில் ஏறிவிட்டது. பணம் உள்ளே போவதற்கு அந்த அட்டைக்கு மேல் எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

அடுத்து வந்த ஒரு பந்தய நாளில், 1,600 மீட்டர் ஓட்டத்தில் ஒரு குதிரையைப் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு முந்தைய ஓட்டங்கள் எல்லாம் 1,000, 1,200 மீட்டர். ஒவ்வொன்றிலும் கடைசியில்தான் வேகம் பிடித்து, எல்லையைத் தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. தூரம் கூடினால் எழும்பும் என்று எனக்குப் பட்டது. காலையில் தளத்தில் ஒன்றுக்கு 33 என்று விலை போட்டிருந்தார்கள், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒவ்வொரு ராண்டுக்கும் 33 ராண்ட். 500 ராண்ட் கட்டினேன். பச்சை நிறத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. பந்தய எண், நேரம், விலை எல்லாம் அதிலேயே இருந்தன. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். பிற்பகலுக்குள் இன்னும் பலர் அந்தக் குதிரை மேல் கட்டியதால் விலை இறங்கிக்கொண்டே வந்து, புறப்படும்போது ஒன்றுக்கு 8 ஆகிவிட்டது. கடைசி 200 மீட்டரில் வெளிப்பக்கமாக வந்து, ஒரு குதிரைக் கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. நான் நினைத்தபடியே ஓடியது.

ஜெயித்த தொகை 16,500. புக்கியிடம், அதாவது தானே விலை போட்டுப் பந்தயம் ஏற்பவரிடம், குதிரை மேல் கட்டி ஜெயித்தால் 6 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள் என்பது இங்கே பந்தயம் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். 990 போக மீதி 15,510 ராண்ட். பிடித்தம் போகத் தளமே அந்தத் தொகையைத்தான் என் கணக்கில் காட்டியது. அதாவது கணக்குப் போட்டதும் அவர்கள்தான்.

எடுக்கப் போனபோது ஆரம்பித்தது இழுத்தடிப்பு.

‘சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது’ என்று வந்தது. தொலைபேசியில் கேட்டால், 2001-ஆம் ஆண்டின் நிதி நுண்ணறிவு மையச் சட்டப்படி அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும் என்றார்கள். சட்டம் உண்மைதான், மறுக்கவில்லை. பணத்தை வாங்கும்போது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது? அனுப்பினேன். முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும் என்றார்கள். புதிய மாநகராட்சி பில்லை அனுப்பினேன். பில் அம்மா பெயரில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போய், நான் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று அம்மா கையெழுத்திட்டுச் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கினோம். மூட்டு வலியோடு வரிசையில் நின்ற அம்மாவிடம் இது எதற்கு என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதையும் அனுப்பினேன். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில். மறுபடி கேட்டேன். அதே வாசகம், எழுத்து மாறாமல்.

கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த விலை ‘வெளிப்படையான பிழை’யாம். விதிமுறையின் ஏதோ ஒரு பிரிவின்படி பந்தயம் ரத்தாம். கட்டிய 500 ராண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். 15,510 ராண்ட் போயே போய்விட்டது. உள்ளே நுழைய முடியாததால் பழைய பந்தயப் பதிவுகளையும் இனிப் பார்க்க வழியில்லை. படம் பிடித்து வைத்திருக்காவிட்டால் அப்படி ஒரு பந்தயமே நடக்கவில்லை என்று சாதித்திருப்பார்கள்.

பிழை என்றால் அதைக் காலையில் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? குதிரை ஓடி முடிந்து, 6 விழுக்காடு கழித்துக் கணக்கில் காட்டியபோது பிழை ஏன் கண்ணில் படவில்லை? சரி, பிழை என்றே வைத்துக்கொள்வோம். புறப்பட்டபோது இருந்த விலையான ஒன்றுக்கு 8 என்று கணக்கிட்டிருந்தாலும் 4,000 ராண்ட் ஜெயிப்பு, பிடித்தம் போக 3,760 வந்திருக்க வேண்டும். அதையும் தரவில்லை. குதிரை தோற்றிருந்தால் ‘விலையில் பிழை, இந்தாருங்கள் உங்கள் 500’ என்று திருப்பித் தந்திருப்பார்களா? இந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முகவரிடம் போனேன். “தம்பி, நான் வெறும் முகவர்தான். விலை போடுகிறவர்கள் வேறு, பணம் கொடுக்கிறவர்கள் வேறு” என்றார். அப்பாவைத் தெரியும் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் சுவரிலிருந்த உரிமத்தைக் கிட்டே போய்ப் படித்தேன். அது வேறு மாகாணத்தில் வாங்கியது. ஒரு மாகாணச் சூதாட்ட வாரியத்தைக் கேட்டால் உரிமம் கொடுத்த வாரியத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். அங்கே எழுதினால், நிறுவனத்தின் இறுதி முடிவைக் கடிதமாக இணையுங்கள் என்றார்கள். அந்தக் கடிதத்தைத் தளம் தர மறுக்கிறது. பந்தயம் நடத்தும் தரப்பில் ஒருவரைப் பிடித்துப் பேசினேன். “நாங்கள் பந்தயம் நடத்துகிறோம். பணம் உங்களுக்கும் புக்கிக்கும் இடையில் உள்ள விஷயம்” என்று வைத்துவிட்டார்.

என் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். திடலில் கூட்டமில்லை, இளைஞர்கள் வருவதில்லை, டோட் என்ற பொதுப் பந்தயத் தொட்டியில் பணம் சேரவில்லை என்று பந்தய நிர்வாகங்கள் ஆண்டுக்கணக்காகப் புலம்புகின்றன. 1897-இலிருந்து நடக்கும் ஜூலை பந்தயத்துக்கு, ஜூலை முதல் சனிக்கிழமை டர்பனின் கிரேவில் திடலில் நிற்க இடமிருக்காது. பந்தல், பாட்டு, ஆடை அலங்காரப் போட்டி எல்லாம் உண்டு. சாதாரண நாளில் போய்ப் பாருங்கள், படிக்கட்டு இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஆட்களை வரவழைக்க இன்னொரு பாட்டுக் கச்சேரி வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பந்தயம் கட்டுகிறவன் கச்சேரிக்காக வருவதில்லை. நியாயமாக ஓடுகிற குதிரைகளையும், ஜெயித்தால் கைக்கு வருகிற பணத்தையும் நம்பி வருகிறான்.

இந்த நாட்டில் ஓட்டத்தின் நேர்மையைக் காக்க அமைப்பு இருக்கிறது. 1882-இல் ஜாக்கி கிளப்பாகத் தொடங்கி இன்று தேசியக் குதிரைப் பந்தய ஆணையமாக இருக்கும் அமைப்பு அது. எல்லோரும் நம்பிய குதிரை பின்தங்கிவிட்டால் ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்கள் குதிரை ஓட்டிய ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், மருத்துவரைக் கொண்டு குதிரையைச் சோதிக்கிறார்கள், அறிக்கையும் வெளியிடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். குதிரை ஏன் தோற்றது என்று விசாரிக்க ஆள் இருக்கிறது. குதிரை ஜெயித்தும் மனிதனுக்கு ஏன் பணம் வரவில்லை என்று விசாரிக்கத் திடலில் ஒரு மேசை உண்டா? பந்தய உரிமங்கள் மாகாண வாரியங்களின் பொறுப்பு என்று சட்டம் பிரித்து வைத்திருப்பது எனக்கும் தெரியும். ஆனால் குதிரைப் பந்தயக்காரனிடம் பிடிக்கும் அந்த 6 விழுக்காட்டில் ஒரு பங்கு பந்தயத் துறைக்கே போய்ச் சேர்ந்து வந்திருக்கிறது. கால்பந்து மேல் கட்டுகிறவனிடம் இப்படிப் பிடிப்பதில்லை. எங்கள் ஜெயிப்பிலிருந்து பங்கு வாங்கும் துறைக்கு, அந்த ஜெயிப்பு எங்கள் கைக்கு வந்ததா என்று கேட்கும் கடமை இல்லையா?

டோட்டில் கட்டினால் எல்லோர் பணமும் ஒரே தொட்டியில் விழுகிறது. நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். யார் ஜெயித்தாலும் அவருக்கு நட்டமில்லை. புக்கிக்கு அப்படி அல்ல, நான் ஜெயித்தால் அவர் பையிலிருந்து போகிறது. அதனால்தான் விலைப் பிழை, முகவரிச் சான்று, பரிசீலனை எல்லாம் பெரிய தொகை வரும்போது மட்டும் முளைக்கின்றன. தங்கள் பந்தயங்களின் மேல் விலை போடுகிற எல்லோரிடமும் நிர்வாகங்கள் ஒரு நிபந்தனை வைக்கட்டும்: ஏற்றுக்கொண்ட விலை ஏற்றுக்கொண்டதுதான், ஓட்டம் முடிந்த பின் மாற்றக் கூடாது. சான்றுகளைப் பணம் வாங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். பந்தய நாளில் திடலிலேயே புகார் மேசை இருக்க வேண்டும்.

ஹாங்காங்கில் குதிரைப் பந்தயம் ஏற்கும் உரிமை ஒரே ஒரு கிளப்புக்குத்தான். அங்கே ஒவ்வொரு குதிரையின் உடல் எடை, பகுதி பகுதியான ஓட்ட நேரம், காலைப் பயிற்சியின் காணொளி எல்லாவற்றையும் காசில்லாமல் பார்க்கலாம். கட்டுகிறவனை விவரம் தெரிந்தவனாக நடத்துகிறார்கள். நம்மிடம் அதே ஒரே உரிமை முறை வர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மரியாதை வரட்டும்.

யோசனைகள் சொல்வதாகச் சொன்னேன். விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன்பே முகவரிச் சான்று வரை எல்லாவற்றையும் கொடுத்து, சரிபார்த்தாகிவிட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது செல்லாது. முதலில் ஒரு சிறு தொகையை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பந்தயத்தையும் படம் பிடியுங்கள். உரிமம் எந்த மாகாணத்தது என்று பாருங்கள். உரிமமே இல்லாத இடத்தில் கட்டவே கட்டாதீர்கள், அங்கே ஜெயித்த பணத்தை அரசே பறிமுதல் செய்ய முடியும். உரிமம் உள்ள இடத்தில் ஜெயித்த பணம் 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி சட்டபூர்வமான கடன், கேட்டு வாங்கலாம். 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் வேண்டாம்.

என் 15,510 ராண்ட் அந்த வரம்புக்குள் வருகிறது. காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முகவர் கடை வைத்திருக்கும் இந்த வகைத் தளத்தில் ‘வெளிப்படையான பிழை’ என்று சொல்லி யாருக்காவது பணத்தை நிறுத்தியிருந்தால், பந்தய எண்ணையும் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். வாரியத்துக்குச் சேர்ந்தே எழுதுவோம்.