டேப்லேச்சரா, காணொளியா, காதா? ‘கிரீப்’ பாடலைக் கித்தாரில் பயிலும் வழிகள்

கோலாலம்பூரில் கித்தார் பழகத் தொடங்கும் நம் இளையோர், ஆல்டர்நேட்டிவ் ராக் பாடல் ஒன்றைப் பிடித்துப்போனதும் தேடுவது பெரும்பாலும் டேப்லேச்சரைத்தான். ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள், அவற்றின்மேல் விரல் வைக்க வேண்டிய கட்டத்தின் எண் என்று இருப்பதால், இசைக்குறியீடு தெரியாதவரும் அன்றைக்கே வாசிக்கத் தொடங்கிவிடலாம். ரேடியோஹெட் குழு 1992-இல் வெளியிட்ட ‘கிரீப்’ பாடலில் ஜி, பி, சி, சி மைனர் என்னும் நான்கு கார்டுகளே (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளே) திரும்பத் திரும்ப வருவதால், தாளில் அது மிக எளிதாகவே தோன்றும்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் எளிய டேப்லேச்சர்கள் பலவற்றில், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே ஒலி தணிய வேண்டும் என்ற விவரம் இருப்பதில்லை. பல்லவிக்குச் சற்று முன்னால் குழுவின் கித்தார் கலைஞர் ஜானி கிரீன்வுட் தந்திகளை அமுக்கியபடி வெட்டி அடிக்கும் அந்த முரட்டு அடி, அங்கே வெறும் பெருக்கல் குறியாக நிற்கும். காணொளிப் பாடம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. வலக்கையின் அசைவைப் பார்க்கலாம், யூடியூபில் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கலாம். எனினும் பிறர் விரலைப் பார்த்தே பழகியவர், அடுத்த பாடலுக்கும் இன்னொரு காணொளியைத்தான் தேடிப் போக வேண்டும்.

என் தேர்வு காதுதான். பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் கர்நாடக இசை பயின்ற பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. ஜி சுரத்தை ஆதார ஷட்ஜமாக வைத்துக் கேட்டால், கார்டுகளுக்குள் ஒரு சுர இழை பஞ்சமத்திலிருந்து சுத்த தைவதத்துக்கும் பின் சதுச்ருதி தைவதத்துக்கும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, சி மைனரில் மறுபடியும் சுத்த தைவதத்துக்கு இறங்கி, பஞ்சமத்தை வந்தடைவது தெளிவாகக் கேட்கும். சுட்டுவிரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பாரே வடிவில் வாசித்தால் இந்த நடை முழுவதும் இரண்டாம் தந்தியிலேயே 3, 4, 5, 4 எனக் கட்டம் கட்டமாக நகரும். இந்த எண்கள் டேப்லேச்சரிலும் உண்டு. ஆனால் அந்த நடையைக் காதால் கேட்டிராதவருக்கு அந்தத் தந்தியை மட்டும் சற்று எடுப்பாக ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. அந்தப் பாடலின் ஏக்கம் முழுதும் அந்த அரைச்சுர இறக்கத்தில்தான் இருக்கிறது.

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. சுரம் எதுவென்று அது சொல்லும். கித்தாரில் பல இடங்களில் கிடைக்கும் அதே சுரத்தை எந்தத் தந்தியில் பிடிப்பது வசதி என்று சொல்லாது. அதனால் முதலில் கேட்டு எழுதிவிட்டு, பிறகு டேப்லேச்சரை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது. பி கார்டில் சுட்டுவிரல் அழுத்தியும் தந்திகள் இன்னும் சரிவர ஒலிக்காத புதியவர் மட்டும், அது தெளியும்வரை டேப்லேச்சரோடு இருக்கலாம்.