இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு சர்வீஸ் பில் போடுகிறார்கள், கவனம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இன்ஜினைப் பட்டறையில் ஒப்படைத்தவர்கள், குறிப்பாக ஜூலை 31 வரை படகைக் கட்டியிருக்கும் குமரி மேற்குக் கரைக்காரர்கள், கடலுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாகையில் ஏப்ரல் 15 அன்று படகைக் கட்டியதும் சர்வீஸுக்குக் கொடுத்தோம். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம்), ஜிங்க் (குழாய் அரிக்காமல் காக்கும் துத்தநாகத் துண்டு), நல்ல தண்ணீர் விட்டுக் கூலிங் லைன் கழுவியது என்று வரிசையாக எழுதி 46,000 ரூபாய் வாங்கினார்கள். இன்ஜின் மாப்பிள்ளை மாதிரிப் பச்சைப் பெயின்ட்டில் பளபளத்தது.

ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிந்து கிளம்பினோம். வலை இறக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. இன்ஜினை அணைத்து, இன்னொரு படகு கட்டி இழுத்துவரக் கரை சேர்ந்தோம். ஐஸ், டீசல், ஆட்களின் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் நட்டம். தடை முடிந்த முதல் நாள் மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு மெக்கானிக்கை அழைத்து எங்கள் கண்முன்னே பிரிக்கச் சொன்னோம். இம்பெல்லரில் பாதி இறக்கைகள் இல்லை. மிச்சம் இருந்தவை ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. பிய்ந்த ரப்பர், கடல்நீரை வைத்து இன்ஜினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் குழாய்களில் உப்புப் படிந்திருந்தது. கழுவியதாக எழுதிய நல்ல தண்ணீர் உள்ளே போகவே இல்லை. ஜிங்க் நட்டின் மேல் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் இருந்தது. கழற்றினால் வெறும் பித்தளை மூடிதான். உப்புத் தண்ணீர் செம்புக் குழாயைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுக்க வேண்டிய துத்தநாகம் எப்போதோ கரைந்து போயிருந்தது.

ஃபில்டர் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் டிரைவர் ஒவ்வொரு முறையும் ஃபில்டரில் தேதி எழுதிவைப்பார். தின்னர் தொட்டுத் துடைத்ததும் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து போன வருடத் தேதி வந்தது.

பட்டறைக்காரரிடம் கேட்டால், “ஆயில் மாற்றினோம் அண்ணே, டீசல் இன்ஜினில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும்” என்றார். அது உண்மைதான், புகைக்கரி கலந்து கறுக்கும். அதனால்தான் அந்தச் சாக்கு இவர்களுக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது. நிறத்தை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. வடித்த பழைய ஆயிலையும் கழற்றிய ஃபில்டரையும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. எரிந்த டீசலின் அமிலமும் நீரும் பழைய ஆயிலில் கலந்திருக்கும். அது 61 நாள் பேரிங்கில் ஊறக் கூடாது. படகைக் கட்டும்போதே புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி எல்லா இடத்துக்கும் பரவவிட்டு நிறுத்த வேண்டும். தடை முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

இவர்கள் கொடுத்த இன்னொரு யோசனை, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே ஈரம் படியும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டேங்கையும் பாதி காலியாக விட்டிருந்தார்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம் நீராகி டீசலுக்கு அடியில் தங்கும், அங்கே பாசி போன்ற கசடு வளரும். இரண்டு மாதம் டேங்கை நிரப்பி வைக்க யாரிடம் பணம் இருக்கிறது என்பது நியாயமான கேள்விதான். முடியாதவர்கள் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்க் அடியிலும் டீசல் ஃபில்டர் கிண்ணத்திலும் நீரை வடித்துவிடுங்கள்.

இம்பெல்லர் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஜிங்க் வாங்கி வைத்திருந்தார்களாம், பையன்கள் மாட்ட மறந்துவிட்டார்களாம். பில்லும் படங்களும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

உங்கள் இன்ஜினும் பட்டறையிலிருந்து புதுப் பெயின்ட்டோடு வந்திருந்தால், இன்றைக்கே ஒரு ஸ்பேனரை எடுத்து ஜிங்க் நட்டைக் கழற்றிப் பாருங்கள்.