எஃப்.சி.க்குப் போகும் முன் நம்பர் பிளேட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

கும்பகோணம் பக்கம் குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறேன். 2021ல் எடுத்த வண்டி. ஆவணியில் ஒரு களத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது மதகுச் சுவரில் இடித்து, பின்பக்க ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் மடங்கிக் கிழிந்துவிட்டது. ஐப்பசியில் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, முடிகிறது. ஷோரூமில் கேட்டால், புது பிளேட் வர நாளாகும் என்றார்கள். குறுவை அறுப்பு நேரம், எனக்குப் பொறுக்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிற வழியில் இருக்கும் ஒரு ஸ்டிக்கர் கடைக்காரர், "ஒரிஜினலேதாண்ணே, ஹோலோகிராமோட வரும். சாயங்காலமே மாட்டிக்கிட்டுப் போங்க" என்றார். 1,400 ரூபாய். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம், எல்லாம் இருந்தது. பில் கேட்டேன், அப்புறம் தருகிறேன் என்றார். பழைய பிளேட்டையும் அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

எஃப்.சி. அன்றைக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் சரியாக இருந்தது. சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தாயிற்று. கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டிக்குப் பின்னால் குனிந்து, பிளேட்டில் இருந்த அசோகச் சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். சக்கரம் உரிந்து அவர் விரலோடு வந்துவிட்டது.

அசலில் அது 20 மில்லிமீட்டர் சதுர குரோமியம் ஹோலோகிராம். சூட்டில் பதித்தது, நகத்துக்கு வராது. இடது கீழ் மூலையில் லேசரில் பொறித்த எண் இருக்கும். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு இன்னொன்று, இரண்டும் வண்டியோடு சேர்த்துக் கணினியில் ஏறியிருக்கும். என் பிளேட்டில் அந்த இடம் மொழுக்கென்று இருந்தது. எழுத்துகளின் மேல் சாய்வாக 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் ஓடும் பொடி எழுத்தும் இல்லை. மாட்டியிருந்தது சாதா ஸ்க்ரூ. அசலுக்கு அடிப்பது ஸ்னாப் லாக், உடைத்தால்தான் கழலும்.

"இதோட எஃப்.சி. தர முடியாதுப்பா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் நம்பரில் இன்னொரு வண்டி ஓடி, எங்காவது ஆளை அடித்துப் போட்டால் போலீஸ் என் வீட்டுக்குத்தானே வரும்?

வண்டி பதினோரு நாள் வாசலில் நின்றது. கொள்முதல் நிலையத்துக்கு என் வண்டியை நம்பியிருந்த பக்கத்து வயல் பெரியவரின் நெல், தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்து மழையில் நனைந்தது. பிறகு ஏற்றிப் போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

ஷோரூமில் பதிவு செய்யப் போனபோது, பழைய பிளேட் எங்கே என்று கேட்டார்கள். கடைக்காரரிடம் ஓடினேன். "அது காயலான் கடைக்குப் போயிடுச்சே" என்றார். காசைக் கேட்டதற்கு, பில் இருக்கா என்றார். என் நம்பரோடு ஒரு அசல் பிளேட் வெளியே எங்கோ கிடக்கிறது. நேரே போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து, அதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கினேன். அந்த ரசீதை ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.