தனியாளாகத் தெருப்படம்: பேக்பேக்கா, ஸ்லிங்கா, ஜோல்னாவா?

மதுரையில் தெருப்படம் எடுக்கக் கிளம்பும்போது இப்போது என் தோளில் இருப்பது ஒரு சின்ன ஸ்லிங் பை, அதாவது ஒற்றைப் பட்டையை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டுகிற பை. உள்ளே ஃபியூஜி எக்ஸ்-டி30 கேமரா, 23 மிமீ எஃப்2 லென்ஸ், இன்னொரு குட்டி லென்ஸ், உபரி பேட்டரி, ஒரு துணி, இரண்டு பாலிதீன் கவர். இதற்கு முன்னால் பேக்பேக் வைத்திருந்தேன். நடுவில் கொஞ்ச காலம் ஜோல்னா பையிலேயே ஓட்டினேன். மூன்றையும் இதே மாசி வீதிகளில் தூக்கித் திரிந்தவன் என்பதால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனியாகப் போகிறவருக்கு ஸ்லிங்தான். கூட ஒரு ஆள் வருவார் என்றால் கணக்கே வேறு.

தையல் உறுதியா, உள்ளே மெத்தை போதுமா, தூறலுக்குத் தாங்குமா என்பதையெல்லாம் கடையிலேயே பார்த்துவிடலாம். எடையும் அப்படித்தான். என் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 383 கிராம், லென்ஸ் 180 கிராம். எதில் போட்டாலும் தோளுக்குத் தெரியாது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடியும் 24-70 எஃப்2.8 ஜூம் லென்ஸும் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு மட்டுமே பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தொடும். அதை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை முழுக்க நடந்தால் மாலையில் கழுத்து பேசும். அவர் பேக்பேக் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்றுதான்: பையைத் திறக்க அதைக் கீழே வைக்க வேண்டுமா, வேண்டாமா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மல்லிகை சாக்குச் சாக்காக வந்து இறங்கும். வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர், உதிர்ந்த பூ, வாழைநார், மிதிபட்ட துளசி எல்லாம் சேர்ந்து தரை சொதசொதவென்று கிடக்கும். மூட்டையைத் தலையில் வைத்தவர்கள் "ஓரம், ஓரம்" என்று வந்துகொண்டே இருப்பார்கள், நமக்காக நிற்க மாட்டார்கள். இந்த இடத்தில் பேக்பேக்கிலிருந்து லென்ஸ் எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு தோளைக் கழற்றி, இன்னொன்றையும் கழற்றி, பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, குனிந்து ஜிப்பைத் திறக்க வேண்டும். அந்த அரை நிமிடத்துக்கு இரண்டு கையும் பைக்குள், கண்ணும் பைக்குள். முதுகில் யார் இடித்தாலும் தெரியாது, கேமரா எந்தப் பக்கம் தொங்குகிறது என்றும் தெரியாது. முடித்துவிட்டு ஈர அடியோடு பையை எடுத்து மறுபடி சட்டை மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். இதற்குள் எடுக்க நினைத்த படம் போயே போயிருக்கும்.

ஸ்லிங்கில் பையை ஒரு இழுப்பு இழுத்தால் முன்னால் வந்துவிடும், தொப்பையே மேசையாகிவிடும். கேமரா வலது மணிக்கட்டில் பட்டையோடு இருக்கும். இடது கையால் ஜிப்பைத் திறந்து, மாற்று லென்ஸின் பின்மூடியை அது பைக்குள் இருக்கும்போதே தளர்த்தி வைத்துக்கொள்வேன். கேமராவின் வாய் கீழே பார்த்தபடி, பையின் விளிம்பை ஒட்டிப் பிடித்துக் கொண்டு லென்ஸைக் கழற்றுவேன். கழற்றியது நேராகப் பைக்குள் விழும், புதியது மேலே ஏறும். முகத்தை நிமிர்த்தியபடியே இத்தனையும் முடிகிறது. எதிரே மூட்டை வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

பூ மார்க்கெட்டோடு இது முடிவதில்லை. தனியாக நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்கு இரண்டு சங்கடமான இடங்கள் உண்டு, கேமரா விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் அவற்றைத் தொடுவதில்லை. ஒன்று கட்டணக் கழிப்பறை. தரை ஈரம், கொக்கி பாதி இடங்களில் இருக்காது, இருந்தாலும் அதை நம்பி ஒன்றரை கிலோவைத் தொங்கவிட முடியாது. "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று வாசலில் காசு வாங்குபவரிடம் எத்தனை தடவைதான் கேட்பது! ஸ்லிங்கைக் கழுத்துப் பக்கம் இறுக்கிக்கொண்டு அப்படியே போய் வரலாம். இன்னொன்று மெஸ். பக்கத்து நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருப்பார், காலடியில் கை கழுவியவர்கள் சிந்திய தண்ணீர் ஓடும். வலது கை இலையில் இருக்கும்போது பை மடியில் இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். பேக்பேக்கை மடியில் வைத்தால் இலை தெரியாது.

பேக்பேக்குக்கு வேண்டியவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள். இடுப்புப் பட்டையைப் பூட்டியபடியே பையைச் சுழற்றி முன்னால் கொண்டுவந்து, முதுகு பக்கமாகத் திறக்கிற ரகம் உண்டு, லோப்ரோவின் ஃபிளிப்சைடு மாதிரி. உண்மைதான். திறப்பு முதுகோடு ஒட்டியிருப்பதால் பின்னாலிருந்து யாரும் கை விடவும் முடியாது. அதைக் கடையில் மாட்டிப் பார்த்ததோடு சரி, கூட்டத்தில் வைத்துப் பழகியதில்லை. டவுன் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது அப்படிச் சுழற்ற இடம் இருக்குமா என்பது என் சந்தேகம்.

வண்டியில் போகும்போது மட்டும் பேக்பேக் சுலபமாக ஜெயிக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டும்போது ஸ்லிங் வயிற்றுக்கு முன்னால் வந்து கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் இடிக்கும். முதுகுக்குத் தள்ளி நன்றாக இறுக்கினால் சமாளிக்கலாம். சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி எவ்வளவு சூடாகும் என்பது ஒரு பக்கம், அந்தப் பூட்டை நம்புவது இன்னொரு பக்கம்.

ஜோல்னா மேல் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை. உள்ளே மெத்தை அறை ஒன்றைச் செருகி, டெய்லரிடம் சொல்லி வாயில் ஒரு ஜிப் வைத்துக்கொண்டால் அதைக் கேமரா பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்சிக்காரரா, வாத்தியாரா என்றுதான் பார்ப்பார்கள். தெருவில் அந்த மறைவு பெரிய பாதுகாப்பு. பட்டையும் பையும் ஒரே துணி, கழன்றுவிட பக்கிள் கிடையாது. ஆனால் தொடைக்குத் தொங்குகிற பை டவுன் ஹால் ரோடு மாதிரி இடத்தில் நிறுத்தியிருக்கிற ஒவ்வொரு பைக்கின் கைப்பிடியிலும் மாட்டும். குனிந்து படம் எடுத்தால் மொத்தமும் முன்னால் ஊஞ்சலாடும். மழை வந்தால் அவ்வளவுதான்.

திருட்டைப் பொறுத்தவரை ஸ்லிங்கிலும் ஓட்டை இருக்கிறது. பட்டையை இணைக்கிற பக்கிள் பெரும்பாலும் முதுகுப் பக்கம் போய் உட்காரும். பின்னால் நிற்பவர் இரண்டு விரலால் அழுத்தினால் கழன்றுவிடும். அதனால் மாட்டும்போதே பக்கிள் நெஞ்சுப் பக்கம் வருகிற மாதிரி திருப்பி மாட்டுங்கள். இரட்டை ஜிப் இருந்தால் இரண்டு இழுப்பானையும் ஒரு சாவி வளையத்தில் கோர்த்துவிடலாம். ஜேப்படிக்காரருக்கு வேண்டியது இரண்டு விநாடி, அந்த வளையம் அதை மறுத்துவிடும். பிளேடு போட்டுப் பட்டையை அறுத்தால்? பை முன்னால் இருந்து ஒரு கை அதன் மேல் இருந்தால் தெரிந்துவிடும். முதுகில் இருந்தால் தெரியாது.

கேமராவுக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம் என்பது என் கட்சி. வண்டியில் வந்து பறிப்பவன் இழுத்தால் கழுத்தும் சேர்ந்து போகும். மணிக்கட்டுப் பட்டை போதும். சுவர்ப் பக்கத்துக் கையில் கேமராவை வைத்து நடந்தால் ரோட்டுப் பக்கம் இழுக்க ஒன்றும் இருக்காது. பீக் டிசைன் ஆங்கர் மாதிரி சின்ன வடத்தில் தொங்கும் பட்டை என்றால், வடத்தின் கறுப்புக்கு அடியிலிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று அவ்வப்போது கவனியுங்கள். தேய்ந்துவிட்டது, மாற்று என்று அர்த்தம். பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லோடு போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், புகார் எழுதும்போது அதுதான் முதலில் கேட்கப்படும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆம் பிரிவு இருக்கிறது. பறித்துக்கொண்டு போனதை வெறும் திருட்டு என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமரா போகாது. 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு மொபைலும் போகாது. ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதால் சாமி கும்பிடுகிற நாளையும் சித்திரை வீதியில் படம் எடுக்கிற நாளையும் நான் கலப்பதில்லை. எந்தப் பையாக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

ஒரே லென்ஸ் போதும் என்பவருக்கு இந்த அலசலே தேவையில்லை. ரிக்கோ ஜிஆர் III மாதிரி 257 கிராம் கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு நானும் பை எடுப்பதில்லை. தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நாலு பக்கமும் இருப்பார்கள். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தே போனார்கள். அங்கே பட்டை எதில் மாட்டி இழுக்கும் என்று சொல்ல முடியாது. பாலிதீன் கவருக்குள் கேமரா, கையில் பட்டை, அவ்வளவுதான். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு நீள லென்ஸ் வேண்டும், இரண்டு பாடி தூக்குகிறவர்கள் நெஞ்சுக் கச்சை போடுகிறார்கள். அது என் வேலை இல்லை என்பதால் அதில் என் பேச்சைக் கேட்காதீர்கள். படம் எடுக்கிற தோழி ஒருவர், நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை போவது தனக்குத் தொந்தரவு என்று சொல்லி இடுப்புப் பைக்கு மாறிவிட்டார். திறக்கும் வசதி ஸ்லிங்குக்குக் குறைவில்லை என்கிறார்.

வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையும் இரண்டாவது லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். பையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே, எதிலும் சாயாமல் ஒரு தடவை லென்ஸ் மாற்றிப் பாருங்கள். கடைக்காரர் "இங்க வச்சுப் பாருங்க தம்பி" என்று மேசையைக் காட்டுவார். வைக்காதீர்கள்.