யூகான் ஆற்றில் டாசனுக்கு: கைப்படகா, நீராவிக் கப்பலா?

1898-ல் தங்கம் தேடி, கனடாவில் யூகான் ஆற்றங்கரையிலிருக்கும் டாசனுக்குக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடித்தார்கள். அலாஸ்காவின் செயின்ட் மைக்கேல் வரை கடலில் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் யூகானை எதிர்த்து ஏறுவது பணக்காரர் வழி. சில்கூட் கணவாயைச் சுமையோடு கடந்து, பென்னட் ஏரிக்கரையில் தானே படகு கட்டி ஓட்டத்தோடு இறங்குவது மற்றவர் வழி.

அந்த வருஷம் வேகத்தில் கைப்படகு சளைக்கவில்லை. மே 29-ல் ஏரிப்பனி உடைந்தது, ஜூன் 8-ல் முதல் படகுகள் டாசனில். செயின்ட் மைக்கேலில் கடல்பனி விலகவே ஜூன் பிற்பாதி ஆகிவிடும்.

ஆனால் படகு கட்டுவது லேசில்லை. மேடையில் ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுத்துப் பலகை அறுக்க வேண்டும். பச்சை மரம் காயக் காயச் சுருங்கி இடுக்கு விடும். சணலும் கீலும் வைத்து இடுக்கை அடைக்கும் கலப்பத்தைச் சரியாக அடிக்காவிட்டால் ஏரியிலேயே தண்ணீர் ஏறிவிடும். எல்லையில் கனடாவின் குதிரைப்போலீஸ் கட்டாயமாக்கிய ஓராண்டுச் சாமான், ஏறக்குறைய ஒரு டன், அதே படகில்தான். வழியிலிருந்த ஒயிட்ஹார்ஸ் சுழிப்பில் படகுகள் உடைந்து ஆட்கள் செத்ததும், தேர்ந்த ஓட்டிகள் இல்லாமல் இறங்கக் கூடாது என்று குதிரைப்போலீஸ் அதிகாரி சாம் ஸ்டீல் உத்தரவு போட்டார்.

இதெல்லாம் சமாளிக்கலாம். திரும்பி வருவதுதான் முடியாது. கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு இழுத்தும் அந்த ஓட்டத்தை எதிர்த்து எத்தனை தூரம் போவது? டாசனில் படகைப் பிரித்துப் பலகையாக விற்றார்கள்.

நீராவிக் கப்பல் உண்மையில் மாற்றியது இந்த ஏற்றத்தைத்தான். 1900-ல் கடற்கரையிலிருந்து ரயில் ஒயிட்ஹார்ஸ் வரை வந்தபின் கடல் சுற்றும் தேவையும் போயிற்று. அங்கிருந்து டாசன் 740 கி.மீ.; 1929-ல் கட்டிய கிளோண்டைக் என்ற கப்பல் 270 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒன்றரை நாளில் இறங்கியது, நான்கைந்து நாளில் ஏறியது. அடி தட்டையானது, அதிகம் அமிழாது. தண்ணீரைத் தள்ளும் சக்கரம் பின்னால் இருப்பதால் பக்கவாட்டுப் பாறைகளில் இடிபடாது. மணல்திட்டில் சிக்கினால் பின்னோக்கிச் சுழற்றி அடிமணலைக் கரைக்கலாம். நீளமான மர உடல் நடுவில் தொய்யாதிருக்க, மேல்தளத்துத் தூண்கள் வழியே இரும்புக் கம்பிகளை முறுக்கி இழுத்திருப்பார்கள். வழியிலிருந்த ஐந்துவிரல் பாறை இடுக்கில் மட்டும் சக்கரம் போதவில்லை, வடத்தைச் சுற்றி இழுத்தே ஏற்ற வேண்டியிருந்தது.

அதன் பலவீனம் விறகு. ஏறும்போது ஆறு இடங்களில் நிறுத்தி ஏற்றியாக வேண்டியிருந்தது. கரையோரம் வெட்டி அடுக்க ஆள் இல்லையென்றால் கப்பலும் இல்லை. அதோடு வழியிலிருக்கும் லபார்ஜ் ஏரியின் பனி, ஆற்றுப்பனி உடைந்து வாரக்கணக்கான பின்தான் போகும். அக்டோபரில் ஆறு உறைந்ததும் இரண்டு கட்சியும் தோற்றுவிட்டன, குதிரைச் சறுக்குவண்டிதான் கதியாக இருந்தது. அதற்கென்றே 1902-ல் தனிப்பாதை போட்டார்கள்.